திரை மினுமினுத்தால் என்ன செய்வது?

வங்கிக் கிளைக்குச் செல்லாமலேயே நிறைவேறும் பணிகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. பணம் அனுப்புவதும் கணக்கு அறிக்கை பெறுவதும் இன்று அன்றாடச் செயல்களாகிவிட்டன. வாடிக்கையாளரின் அடையாளத்தைக் காணொலி வழியாகவே சரிபார்த்துக் கணக்குத் தொடங்குவதற்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 9 அன்று வழிவகுத்தது. ஓய்வூதியர்கள் பலர் உயிர்வாழ் சான்றிதழை வீட்டிலிருந்தே கைப்பேசிக் கேமராவின் துணையோடு அளித்துவிடுகின்றனர். பிள்ளைகளின் பாடம், மருத்துவரின் ஆலோசனை, விடுமுறை நாளில் குடும்பத்தினர் கூடிப் பார்க்கும் திரைப்படம் என அனைத்தும் இணையக் காணொலியாகவே இல்லத்திற்குள் வருகின்றன.

இத்தகைய வேளையில் திரை திடீரென மினுமினுக்கத் தொடங்கினால் பலரும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு விரைந்து வந்துவிடுகின்றனர். திரை பழுதாகிவிட்டது என்று கருதி, பல ஆயிரம் ரூபாய் செலவிட்டு அதை மாற்ற ஆயத்தமாவது ஒன்று. இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோவொரு ‘உதவி மைய’ எண்ணை அழைப்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் தேவையற்ற செலவு. இரண்டாவது சில நேரங்களில் வங்கிக் கணக்கையே காலி செய்துவிடக்கூடிய ஆபத்து. மினுமினுப்பின் காரணத்தை வீட்டிலேயே கண்டறியும் முறைகளையும், உதவி நாடும்போது கடைப்பிடிக்க வேண்டிய எச்சரிக்கைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

மினுமினுப்பு எது, தடங்கல் எது?

காணொலி பார்க்கும்போது நேரும் குறைகள் எல்லாம் மினுமினுப்பு ஆகா. படம் நின்று நின்று ஓடுவதும், நடுவில் வட்டம் சுழன்றுகொண்டிருப்பதும், உருவங்கள் கட்டம் கட்டமாக மங்குவதும் இணைய வேகம் போதாமையின் அடையாளங்கள். இவற்றைச் சரிசெய்ய வைஃபை ரூட்டரையோ இணையத் திட்டத்தையோ கவனிக்க வேண்டும்.

மினுமினுப்பு என்பது வேறு. திரையின் ஒளி விட்டுவிட்டு மாறுவது, கணநேரம் கருமை படர்ந்து மறைவது, வெண்ணிற வெட்டொளி தோன்றுவது, கிடைக்கோடுகள் நடுங்குவது ஆகியவையே இதன் வடிவங்கள். படம் கணினியை வந்தடைந்த பின்னர், அதைத் திரையில் காட்டும் கட்டத்தில் இக்குறை நேர்கிறது. எனவே அதிக வேகமுள்ள இணையத் திட்டத்திற்கு மாறுவதால் மினுமினுப்பு நீங்குவதில்லை.

படம் திரைக்கு வரும் வழி

திரைப்படம் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்களைக் கொண்டது. 24 முறை மட்டும் ஒளி விட்டுவிட்டு வந்தால் மனிதக் கண் அந்த மினுமினுப்பை எளிதில் உணர்ந்துவிடும். ஆகவே பழைய திரையரங்குப் படவீழ்த்திகள் ஒவ்வொரு சட்டத்தையும் இருமுறை அல்லது மும்முறை காட்டி, வினாடிக்கு 48 அல்லது 72 ஒளிவீச்சுகளாக்கின. நம் நாட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் வினாடிக்கு 25 படங்களை 50 பாதிகளாகப் பிரித்துக் காட்டின. இன்றைய கணினித் திரைகள் பொதுவாக வினாடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. 90, 120, 144 முறை புதுப்பிக்கும் திரைகளும் வந்துவிட்டன.

இணையத்தில் வரும் காணொலி சுருக்கப்பட்ட வடிவில் வருகிறது. 2003-இல் வெளிவந்த எச்.264, 2013-இல் வெளிவந்த விபி9, 2018-இல் வெளிவந்த ஏவி1 ஆகியவை பரவலாகப் பயன்படும் சுருக்க முறைகள். சுருக்கத்தை விரித்துப் படமாக்கும் பணியைக் கணினியின் மையச் செயலி செய்யலாம். அல்லது அதற்கென்றே அமைந்த கிராபிக்ஸ் சில்லு செய்யலாம். கிராபிக்ஸ் சில்லிடம் இப்பணியை ஒப்படைப்பதே வன்பொருள் முடுக்கம் எனப்படுகிறது. இதனால் மின்சாரம் மிச்சமாகும், கணினியும் சூடேறாது.

பல கணினிகளில் காணொலிப் படம் மற்றச் சாளரங்களோடு கலக்கப்படாமல், தனி அடுக்காகத் திரையின் மேல் வைக்கப்படுகிறது. சுட்டியை நகர்த்தும்போதோ, முழுத்திரைக்கு மாறும்போதோ, அறிவிப்பு ஒன்று தோன்றும்போதோ அந்த அடுக்கு கலைக்கப்பட்டு மீண்டும் அமைக்கப்படுகிறது. கிராபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருளில் சிறு பிழை இருந்தால் இந்த மாற்றத்தின்போது திரை வெட்டி மின்னும். மின்னஞ்சல் படிக்கும்போது அமைதியாக இருக்கும் திரை, காணொலி ஓடும்போது மட்டும் மினுமினுப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

காரணத்தைக் கண்டறிய ஐந்து சோதனைகள்

பின்வரும் சோதனைகளுக்குப் பணமோ புதிய மென்பொருளோ தேவையில்லை. ஒவ்வொன்றாகச் செய்து, முடிவைக் குறித்துக்கொள்வது நல்லது. பின்னர் பழுதுபார்ப்பவரிடம் செல்ல நேர்ந்தாலும் இக்குறிப்பு உதவும்.

முதலாவது, இட ஒப்பீடு. ஒரே காணொலியை வேறொரு உலாவியிலும், முன்பே சேமித்து வைத்த மற்றொரு காணொலியைக் கணினியின் சொந்தப் படக்கருவியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் உலாவியில் மட்டும் மினுமினுத்தால் குறை அந்த உலாவியில் உள்ளது. ஒரே ஒரு காணொலியில் மட்டும், எந்தக் கருவியில் பார்த்தாலும் மினுமினுத்தால் குறை அந்தக் காணொலியிலேயே பதிவாகியுள்ளது. நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, டாஸ்க் மேனேஜர் சோதனை. விண்டோஸ் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பரிந்துரைக்கும் முறை இது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் சாளரம் திறக்கும். திரையின் பிற பகுதிகளோடு அந்தச் சாளரமும் சேர்ந்து மினுமினுத்தால் டிரைவரை ஐயுறலாம். அது மட்டும் அசையாமல் நிற்க, மற்றவை மினுமினுத்தால் ஏதோ ஒரு செயலி காரணமாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, திரைப்பதிவுச் சோதனை. மினுமினுப்பு நேரும்போது கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள திரைப்பதிவு வசதியால் ஒரு நிமிடம் பதிவு செய்து, அப்பதிவை வேறொரு கருவியில் பார்க்க வேண்டும். பதிவிலும் மினுமினுப்பு தெரிந்தால் குறை மென்பொருளைச் சார்ந்தது. பதிவு தெளிவாக இருந்தால் திரை, கேபிள், ஒளியமைப்பு, டிரைவரின் இறுதிக்கட்டம் ஆகியவற்றில் ஒன்றை ஐயுறலாம். கட்டணத் திரைப்படச் சேவைகளின் காணொலிகள் பதிவில் கருந்திரையாகவே தெரியும். அது பதிப்புரிமைப் பாதுகாப்பே அன்றிப் பழுதன்று. ஆகவே இச்சோதனைக்குக் கட்டணமற்ற காணொலி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது, வெளித்திரைச் சோதனை. மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிள் மூலம் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் படம் சீராகவும் மடிக்கணினித் திரையில் மட்டும் மினுமினுப்பும் இருந்தால் மடிக்கணினியின் திரை அல்லது அதன் உட்கேபிள் பழுதடைந்திருக்கலாம். இரண்டிலும் மினுமினுத்தால் திரையை மாற்றுவதில் பயனில்லை.

ஐந்தாவது, மூடி அசைவுச் சோதனை. மடிக்கணினியின் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது மினுமினுப்பு கூடிக் குறைந்தால், கீல் வழியாகச் செல்லும் மெல்லிய கேபிள் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கிறது என்று பொருள். இக்கேபிளை மாற்றுவது பொதுவாகத் திரையை மாற்றுவதைவிடக் குறைந்த செலவில் முடியும். இதை அறியாதவர்கள் முழுத்திரைக்கும் பணம் செலுத்த நேரிடலாம்.

உலாவியில் செய்யத்தக்கவை

குறை உலாவியில் இருப்பதாகத் தெரிந்தால், முதலில் மறைநிலைச் சாளரத்தில் காணொலியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அச்சாளரத்தில் நீட்டிப்புகள் பொதுவாகச் செயல்படுவதில்லை. அங்கு மினுமினுப்பு இல்லையெனில் நீட்டிப்புகளில் ஒன்றே காரணம். பக்கங்களைக் கருநிறமாக்குபவை, விளம்பரம் தடுப்பவை, காணொலி வேகம் மாற்றுபவை ஆகியவற்றை முதலில் நிறுத்திப் பார்க்கலாம்.

அதன்பின் வன்பொருள் முடுக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். குரோம் உலாவியில் செட்டிங்ஸ் பக்கத்தின் ‘சிஸ்டம்’ பகுதியில் கிராபிக்ஸ் முடுக்கத்தைப் பயன்படுத்தும் விருப்பம் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஜெனரல்’ பகுதியின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ தலைப்பின் கீழ், பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகள் என்னும் குறியை நீக்கினால் இவ்விருப்பம் தென்படும். மாற்றிய பின் உலாவியை மூடித் திறக்க வேண்டும்.

மினுமினுப்பு நின்றுவிட்டால் காரணம் உறுதியாகிவிடுகிறது. ஆயினும் அதை அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுவது உகந்ததன்று. மையச் செயலியே முழுச்சுமையையும் ஏற்பதால் மடிக்கணினி சூடாகும். மின்கலமும் விரைவில் தீரும். டிரைவரைப் புதுப்பித்த பின்னர் அவ்விருப்பத்தை மீண்டும் இயக்கிப் பார்ப்பதே முறை.

டிரைவரும் திரை அமைப்புகளும்

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். திரை ஒருகணம் இருண்டு, ஓர் ஒலியோடு திரும்பும். திறந்திருக்கும் கோப்புகளுக்குப் பாதிப்பில்லை. தற்காலிகக் கோளாறுகள் பல இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிடில் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். அண்மையில் நடந்த புதுப்பிப்புக்குப் பிறகே குறை தொடங்கியிருந்தால், ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் கிராபிக்ஸ் கருவியின் பெயரைத் திறந்து, ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதைத் தேர்ந்து முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். டிரைவர் மென்பொருளைக் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ, விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகவோ, சில்லுத் தயாரிப்பாளர்களான இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியோரின் தளங்களிலிருந்தோ மட்டுமே பெற வேண்டும். ‘உங்கள் டிரைவர்கள் அனைத்தும் பழையவை’ என்று அச்சுறுத்தும் விளம்பரங்கள் அளிக்கும் இலவச மென்பொருள்கள் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்துவிட்டது என்பதையும் அப்பதிப்பைப் பயன்படுத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, புதுப்பிப்பு வீதம். செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே’ பகுதியின் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கத்தில் இதைக் காணலாம். 60-க்கு மேல் இருந்தால் 60-ஆகக் குறைத்துச் சோதிக்கலாம். வீதம் தானாக மாறும் வசதி இயங்கினால் அதையும் நிறுத்திப் பார்க்கலாம்.

காட்சி இருளும்போது திரை மங்கி, வெளிச்சமான காட்சியில் மீண்டும் ஒளிர்வது மற்றொரு வகை. இது பழுதன்று, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. காட்சியின் உள்ளடக்கத்திற்கேற்ப ஒளியை மாற்றும் விருப்பம் விண்டோஸ் 11-இன் ‘டிஸ்ப்ளே’ பகுதியிலேயே பல கணினிகளில் உள்ளது. இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் அந்நிறுவனத்தின் அமைப்புச் செயலியிலும் இதற்கு ஒப்பான மின்சேமிப்பு விருப்பங்கள் இருக்கும். இவற்றை நிறுத்தினால் ஒளி நிலைபெறும்.

ஒளியளவை மிகவும் குறைத்து வைத்திருக்கும்போது மட்டும் மினுமினுப்பை உணர்பவர்களும் உண்டு. சில திரைகள் ஒளியைக் குறைப்பதற்கு விளக்கை மிக விரைவாக அணைத்து அணைத்து ஏற்றும் முறையைக் கையாள்கின்றன. ஒளியளவைச் சற்றே உயர்த்தி, அறையிலும் மிதமான விளக்கை ஏற்றிக்கொள்வதே இதற்கு எளிய தீர்வு.

கேபிளும் மின்சாரமும்

மேசைக்கணினியிலும் தொலைக்காட்சியிலும் காரணம் பல நேரங்களில் கேபிளின் முனையிலேயே இருக்கும். எச்டிஎம்ஐ கேபிளை இருபுறமும் கழற்றி உறுதியாகச் செருக வேண்டும். வேறு கேபிளையும் வேறு துளையையும் பயன்படுத்திப் பார்க்கலாம். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 4கே படத்திற்கு 18 ஜிகாபிட் வரையிலான கொள்திறனுள்ள கேபிள் வேண்டும். பழைய கேபிளில் சாதாரணப் படம் சீராக ஓடி, 4கே காணொலியில் மட்டும் திரை இருண்டு இருண்டு திரும்பினால் கேபிளே காரணமாகலாம்.

மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து எடுத்து மின்கலத்தில் இயக்கிப் பார்ப்பதும் பயன்தரும். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் மினுமினுப்பு வந்தால் சார்ஜர், மின்செருகி, நில இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வீட்டு விளக்குகளும் உடன் சேர்ந்து மினுங்கினால் கணினியை விட்டுவிட்டு மின்பணியாளரை அழைப்பதே சரியானது.

கைப்பேசியில் காணும் மினுமினுப்பு

கைப்பேசியில் தானியங்கு ஒளியமைப்பை நிறுத்தி, செயலியையும் இயங்குதளத்தையும் புதுப்பித்து, கருவியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலான குறைகள் நீங்கும். நீங்காவிடில் ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் பாதுகாப்பு முறையில், அதாவது ‘சேஃப் மோடு’ நிலையில் தொடங்கிப் பார்க்கலாம். அந்நிலையில் நாம் நிறுவிய செயலிகள் இயங்குவதில்லை. அப்போது திரை அமைதியாக இருந்தால் அண்மையில் நிறுவிய செயலியை நீக்க வேண்டும். அப்போதும் மினுமினுத்தால், குறிப்பாகக் கைப்பேசி கீழே விழுந்த பின்னரோ நீர் புகுந்த பின்னரோ தொடங்கியிருந்தால், திரையையே ஐயுற வேண்டும்.

‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ பகுதியைத் திறந்து வன்பொருள் மேலடுக்கை முடக்குமாறு சிலர் அறிவுறுத்துவதுண்டு. காரணத்தைக் கண்டறிய அது உதவலாம். ஆனால் அப்பகுதி திறந்திருக்கும் கைப்பேசியில் சில வங்கிச் செயலிகள் பாதுகாப்பு கருதி இயங்க மறுக்கும். சோதனை முடிந்தவுடன் அதை மூடிவிட வேண்டும்.

காணொலி அழைப்பில் முகம் மினுங்கினால்

காணொலி வழி அடையாளச் சரிபார்ப்பின்போது நமது திரை சீராக இருந்தும், மறுமுனையில் உள்ள வங்கி அலுவலர் ‘உங்கள் படம் மினுமினுக்கிறது’ என்று கூறுவதுண்டு. இதற்குக் காரணம் அறையின் விளக்கு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை உச்சம் தொடுவதால், மின்சுற்று தரமற்ற விளக்குகளின் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண் இதை உணர்வதில்லை, கேமரா உணர்கிறது. கேமராவின் அமைப்பு 60 சுழற்சி மின்சாரம் உள்ள நாடுகளுக்கானதாக இருந்தால் படத்தில் கருங்கோடுகள் மேலும் கீழும் ஊரும்.

கேமராவின் அமைப்பில் மினுமினுப்புக் குறைப்பு என்னும் விருப்பம் இருந்தால் அதை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும். அவ்விருப்பம் இல்லையெனில் பகற்பொழுதில், சன்னலை நோக்கி முகம் இருக்குமாறு அமர்வதே போதுமானது. ஐயத்திற்கு இடமின்றி வாடிக்கையாளரை அடையாளம் காணும் அளவுக்கு நேரலைப் படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அழைப்பு துண்டிக்கப்பட்டால் புதிய அமர்வையே தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே பான் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்வதற்கு முன், கேமராவைத் திறந்து தம் முகம் எவ்வாறு தெரிகிறது என்பதைச் சரிபார்த்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

உடல்நலத்தில் கவனம்

மினுமினுக்கும் திரையைப் பொறுத்துக்கொண்டு பார்ப்பது கண்வலிக்கும் தலைவலிக்கும் இடமளிக்கும். ஒளி உணர்திறன் கொண்ட வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறி மின்னின. அதைத் தொடர்ந்து சுமார் 685 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எந்தவோர் உள்ளடக்கமும் ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இன்று இணையதள வடிவமைப்புக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகளில் ஒன்று. வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் இருந்தால், மினுமினுக்கும் திரையைச் சரிசெய்யும்வரை அவர் பார்வையில் படாமல் வைப்பதே நலம்.

உதவி தேடும்போது நேரும் ஆபத்து

இதுவரை கண்டவை கருவியின் குறைகள். இனிக் காண்பது வாடிக்கையாளரின் சேமிப்பைப் பற்றியது.

திரைக் குறைக்குத் தீர்வு தேடி இணையத்தில் நுழைபவர்களை எதிர்நோக்கி மோசடிக் கும்பல்கள் போலி உதவி மைய எண்களைப் பரப்பி வைத்துள்ளன. தேடுபொறி முடிவுகளில் இடம்பெறும் எண்களை நம்பி ஏமாறுவதும், திரைப்பகிர்வுச் செயலி வழியாகப் பணம் இழப்பதும் ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட ‘பி அவேர்’ கையேட்டில் விளக்கப்பட்டுள்ளன. இணையப் பக்கத்தில் திடீரெனத் தோன்றி, ‘கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே அழையுங்கள்’ என்று எண் காட்டும் அறிவிப்புகளும் இதே வகையினவே. தனது பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவுபடுத்தியுள்ளது.

மோசடி நடக்கும் விதம் எளிமையானது. அழைத்தவரிடம் மரியாதையாகப் பேசி, குறையைச் சோதிக்க ஒரு செயலியை நிறுவச் சொல்வர். தொலைவிலிருந்து கருவியைக் காணவும் இயக்கவும் உதவும் செயலி அது. அதில் தோன்றும் எண்ணைக் கேட்டுப் பெற்றவுடன் திரை முழுதும் அவர்கள் பார்வைக்கு வந்துவிடும். பின்னர் பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாய் செலுத்துமாறு கோருவர். தொகை சிறியது என்பதால் ஐயம் எழாது. ஆனால் அதைச் செலுத்தும்போது தட்டச்சு செய்யும் பயனர் பெயரும், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் மறுமுனையில் தெரிந்துவிடும். இயக்கும் அனுமதியும் அளிக்கப்பட்டிருந்தால், அடுத்த சில நிமிடங்களில் பெருந்தொகை வெளியேறிவிடலாம்.

பல வங்கிச் செயலிகள் திரைப்பகிர்வின்போது கருந்திரையாக மாறிவிடும். இதையும் திரைப் பழுது என்று நம்பவைத்து, இணையதளம் வழியாக உள்நுழையச் சொல்வதும் உண்டு. வங்கிச் செயலியின் திரை கருத்துப்போவது வாடிக்கையாளரைக் காக்கும் அரண் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்நிலை தோன்றினால், யாரோ நம் திரையைப் பார்க்கிறார்களா என்று ஐயுறுவதே முறை.

ஆகவே உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், கருவியின் பெட்டியிலோ உத்தரவாத அட்டையிலோ அச்சிடப்பட்டுள்ளதிலிருந்து எடுக்க வேண்டும். வங்கியின் எண்ணைக் கணக்குப் புத்தகத்திலிருந்தோ பற்று அட்டையின் பின்புறத்திலிருந்தோ எடுக்க வேண்டும். வங்கிகளின் இணைய முகவரிகளை ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் தனிக் களத்திற்கு மாற்றுமாறு ரிசர்வ் வங்கி 2025-இல் பணித்துள்ளது. முகவரியின் இம்முடிவைக் கவனிப்பது நல்ல பழக்கம். வாட்ஸ்அப் வழியாக வரும் ‘ஏபிகே’ கோப்பை, டிரைவர் என்றாலும் புதுப்பிப்பு என்றாலும், நிறுவலாகாது.

அனுமதி அளித்துவிட்ட பின் உணர்ந்தால்

இதில் காலதாமதமே பெரும் எதிரி. முதலில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் துண்டிக்க வேண்டும். தொடர்பு அறுந்தவுடன் மறுமுனையில் இருப்பவரின் பிடியும் அறுந்துவிடும். இரண்டாவதாக, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்து அட்டை, இணைய வங்கிச் சேவை, யுபிஐ ஆகியவற்றை முடக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். பணம் கைமாறிச் செல்லும் கணக்குகளில் அதை நிறுத்திவைக்க இப்புகார் உதவும். அதன்பின் அச்செயலியை நீக்கி, கடவுச்சொற்களையெல்லாம் வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

வங்கிக்குத் தெரிவித்த நேரம் ஏன் முக்கியம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் தம் இரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பின் நிகழும் இழப்பை வங்கி ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 நாளிட்ட சுற்றறிக்கை வகுத்தது. வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மூன்றாம் தரப்பு முறைகேட்டில், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பேதும் இல்லை என்றும் அது கூறியது. எனவே புகார் எண்ணையும், புகார் அளித்த நாளையும் நேரத்தையும் எழுதி வைப்பது இன்றியமையாதது.

பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

எல்லாச் சோதனைகளுக்குப் பின்னரும் வன்பொருளே காரணம் என்று தெரிந்தால் சேவை மையத்தை நாடத்தான் வேண்டும். கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன் தகவல்களைப் படியெடுத்து வைத்து, வங்கிச் செயலிகளையும் யுபிஐ செயலிகளையும் நீக்கி, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்ள வேண்டும். திரைப்பூட்டின் எண்ணைக் கேட்டால், சில கைப்பேசிகளில் உள்ள பழுதுபார்ப்பு முறையை இயக்கித் தரலாம். அதில் நம் சொந்தத் தகவல்கள் மறைந்திருக்கும். மடிக்கணினியாயின் உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களை நீக்கிவிட்டு, பணியாளருக்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுக்கலாம்.

சோதனை முடிவுகளின் குறிப்பைச் சேவை மையத்தில் காட்டி, கேபிளைச் சோதித்த பின்னரே திரையை மாற்றுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டை எழுத்தில் பெற வேண்டும். மாற்றப்பட்ட பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

இச்செய்திகளை வீட்டிலுள்ள மூத்தோரிடமும் கல்லூரி செல்லும் பிள்ளைகளிடமும் எடுத்துரைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் 1930 என்னும் எண்ணையும் ஒரு தாளில் எழிதில் தெரியும்படி எழுதிக் கணினி மேசையருகே ஒட்டிவைத்தால், அவசர வேளையில் தேடுபொறியை நாட வேண்டிய தேவை எழாது.